மானிட்டருக்கு ஒரு மொட்டை

எங்கள் வீட்டில் கட்டிப்போடாத சாமான் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. முன்னறையில் மாமாவின் (என் மாமனாரைச் சொல்கிறேன்) இரண்டு விசைத்தறிகள் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை லுங்கி நெய்யும். அந்த அடியில் வீடே அதிரும். அத்தை உப்பு ஜாடியைக்கூட நூல் போட்டு ஆணியில் கட்டிவைத்திருப்பார். சாமி படங்களுக்கு நான்கு மூலையிலும் ஆணி. புதிதாக வருபவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "குரங்குத் தொல்லைங்களா?" என்று கேட்பார்கள். திருத்தணியில் அதுவும் உண்டுதான்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. அதனால் யாராவது படியேறினால் மாமா முதலில் தறியை நிறுத்துவார், அப்புறம்தான் "வாங்க" என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் அதே மரியாதை. கல்யாணமாகி நான் மாலையும் கழுத்துமாக வந்த அன்றும் இரண்டு தறிகளும் நின்றன. மறுநாள் ஆறு மணிக்கு, நான் எழுந்திருப்பதற்குள், இரண்டும் ஓட ஆரம்பித்துவிட்டன. ஊரில் எல்லாருக்கும் நிற்கிற தறி எனக்கு நிற்கவில்லையே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரோடும் பேசவில்லை. அந்தச் சத்தத்தில் நான் பேசாமலிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

சத்தம் எனக்குப் புதிதும் இல்லை. அரக்கோணத்தில் தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். சரக்கு வண்டி போகிறபோது கணக்குப் பாடம் மனப்பாடம் செய்தவள். ஒரே மாதத்தில் தறிச்சத்தம் எனக்குக் கேட்காமலே போய்விட்டது. பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு அதுதான் காரணம்.

சென்னையில் பள்ளிக்கூட நோட்ஸ் போடுகிற ஒரு பதிப்பகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. ஒன்பது வருஷம் விடிகாலை வண்டியில் போய், இருட்டிய பிறகு வந்தேன். கிருத்திகை நாட்களில் திரும்பி வரும்போது காவடிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றிருக்கிறேன். முருகன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அந்தக் கூட்டத்தின்மேல்தான். கடைசியில், நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீஸ் சொன்னது. அரக்கோணத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து பழைய கம்ப்யூட்டருக்குள் புது கிராபிக்ஸ் கார்டு போட்டார். வாசற்கால் அகலத்துக்கு ஒரு மானிட்டரும் வைத்துவிட்டுப் போனார். அன்று நான் அழுதே விட்டேன். அத்தை, "டிவி இவ்ளோ கிட்ட வச்சிகினு பாத்தா கண்ணு கெட்டுப்பூடும்மா" என்றார்.

கடைக்காரர் போன அரை மணியில் திரை ஒரு முறை கறுத்து, வந்தது. பிறகு விட்டு விட்டுக் கறுத்தது. நான் எழுத்தின் அளவைச் சரிசெய்வேன், திரை போய்விடும். திரை திரும்பி வந்ததும் பார்த்தால் எட்டாம் வகுப்பு அறிவியலில் தவளை தலைகீழாக இருக்கும். பக்கங்கள் தாமதமாயின.

கடைக்காரருக்கு போன் செய்தேன். வந்தார். மாமா தறியை நிறுத்தி, உட்காரவைத்து, காப்பி கொடுத்தார். கடைக்காரர் கார்டின் பழைய டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். ஒரு மணி நேரம் பார்த்தார். திரை தூங்குகிற குழந்தைபோல அசையாமல் இருந்தது. "அவ்ளோதான் மேடம்" என்று போனார். அவர் வண்டி தெருமுனை தாண்டியிருக்காது, திரை கறுத்தது.

இரண்டாம் முறை வந்து ராம் என்கிற சின்னப் பலகையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தார். ஒயரையும் மாற்றினார். காப்பி, ஒரு மணி நேரம், ஒரு குறையும் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

என் கணவரும் நம்பவில்லை. அவர் அரக்கோணத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். எட்டுக்குப் போய் ஏழுக்கு வருவார். அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். "உனக்குதான் கண்ண காட்டணும்" என்றார். அன்று அவருக்குத் தோசை கருகியது தற்செயல் இல்லை.

ஆபீஸ் கதை இன்னும் மோசம். மேனேஜர் அம்மா வீடியோவில் வந்து, "திரையைக் காட்டுங்க பார்ப்போம்" என்பார். போனை மானிட்டர் பக்கம் திருப்பிக் காட்டுவேன். கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். மேனேஜருக்கு என் மானிட்டர்கூட பயப்படுகிறது என்றுதான் நினைத்தேன். திரையில் வருகிறவரும் வீட்டுக்கு வந்தவர்தான் என்பது மாமாவின் முடிவு. அந்த அம்மாவின் முகம் தெரிந்ததும் தறியை நிறுத்திவிட்டு, சட்டையைப் போட்டுக்கொள்வார். இவ்வளவும் என் கண்ணெதிரே நடந்தது. எனக்குத்தான் புத்தியில் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் மேனேஜர் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமைக்குள்ள சரியாகலன்னா பழையபடி ஆபீசுக்கு வந்துடுங்க. சாக்கு சொல்லிட்டே இருக்க முடியாது." சாக்கு என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுபடியும் அந்த வண்டி, அந்த ஒற்றைக்கால். சமையலறையில் போய் நின்று அழுதேன். அத்தை பார்த்துவிட்டு, மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "முருகா, அந்தப் பொட்டி சரியாய்ட்டா என் புள்ளைக்கு மொட்ட போடறேன்."

என் கணவருக்கு முன்பக்கம் முடி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்தை எண்ணெய் போட்டு, கண்ணாடி பார்த்துக் காப்பாற்றி வருகிறார். தலை அவருடையது, வேண்டுதல் அத்தையுடையது, மானிட்டர் என்னுடையது. அவரை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைக்காரர் மூன்றாம் முறை வந்தார். கார்டைக் கழற்றி மாட்டினார், பிளக் பாயின்டை மாற்றினார், காப்பி குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. "மேடம், தப்பா நினைக்காதீங்க, இதுல பிரச்சனையே இல்ல" என்று கிளம்பினார்.

அவர் போனதும் மாமா தறியை ஓட்டினார். திரை கறுத்தது. நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார், யாருக்குக் கேட்கும்? நேரே உள்ளே வந்துவிட்டார். நான் தலை நிமிர்ந்தபோது அவர் என் பின்னால் நின்று, கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய், வந்து, போய், வந்துகொண்டிருந்தது. அந்த மூன்று வாரத்தில் என்னை நம்பிய முதல் முகம் அதுதான்.

மாமா அவரைப் பார்த்துவிட்டார். உடனே இரண்டு தறிகளும் நின்றன. திரையும் அணையாமல் நின்றது.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினார் கடைக்காரர். "ஓட்டுங்க, ஓட்டுங்க!"

"இன்னாங்க இது, வந்தவங்கள நிக்க வச்சிகினு எப்டிங்க ஓட்டறது? உக்காருங்க. காப்பி சாப்டுங்க."

"இப்பதான் குடிச்சேன். நீங்க தறிய ஓட்டுங்க, எனக்குப் பாக்கணும்."

"ஊட்டுக்கு வந்தவங்க முன்னாடி ஓட்டனா மரியாதயா இருக்காதுங்க."

ஐந்து நிமிடம் இப்படியே போனது. இருவரும் மரியாதையான மனிதர்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கடைக்காரர், "சரி, நான் வீட்டுக்குள்ள இல்ல, போதுமா?" என்று வெளியே போய், ஹெல்மெட்டும் கையுமாக ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். வெளியே நிற்பவர் விருந்தாளி இல்லை என்று மாமாவும் ஒப்புக்கொண்டு ஓட்டினார்.

தறி அடித்தது, மேஜை அதிர்ந்தது, திரை கறுத்தது. ஜன்னலிலிருந்து கடைக்காரர் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டி ஏதோ சைகை செய்தார். ஒயர் சொருகியிருந்த இடத்தை விரலால் அழுத்தினேன். திரை நின்றது. விரலை எடுத்தேன், போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அவர் உள்ளே வந்தார், தறி நின்றது. "மேடம், மேஜை இந்த ஆட்டம் ஆடும்னு நீங்க சொல்லவே இல்லயே!"

"எப்பவும் ஆடுறதுதானே?" என்றேன்.

பழைய மானிட்டரின் ஒயரில் இரண்டு பக்கமும் திருகு இருந்தது, முடுக்கி வைத்திருந்தோம். புது ஒயரில் திருகே இல்லை, சும்மா சொருகுவதுதான். மாமா குனிந்து பார்த்தார். "நம்ம ஊட்ல இத ஒண்ணத்தான் கட்டாம வுட்டுட்டோம்" என்று போய் லுங்கிக்குப் போடுகிற பாவு நூலை எடுத்துவந்தார். பிளக்கைப் பெட்டியோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"நூலுங்களா?" என்று தயங்கினார் கடைக்காரர்.

"ஊரே இத நம்பித்தான் இடுப்புல கட்டிகினு போவுது. நீங்க ஒயருக்கு நம்ப மாட்டீங்களா?"

அன்று இரவு என் கணவர் சாமர்த்தியமாகப் பேசினார். சரிசெய்தது கடைக்காரர், கட்டியது தன்னைப் பெற்ற நைனா, ஆகவே இதில் முருகனுக்குச் சம்பந்தமில்லை என்றார். அத்தை சோறு போட்டுக்கொண்டே, "ஆங், ஹெல்மெட்ட மறக்க வச்சது யாரு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மலையில் மொட்டை. தன் ஹெல்மெட் இப்போது தலையில் நிற்பதில்லை என்று என் கணவர் திரும்பி வரும் வழி முழுக்கப் புலம்பினார்.

திங்கட்கிழமை மேனேஜர் வீடியோவில் வந்தார். மாமாவின் கை வழக்கம்போல விசைக்குப் போனது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் மாமா. ஓடட்டும். ஓடினாத்தான் நம்புவாங்க." அவர் முகத்தில் அப்படி ஒரு சங்கடம். எனக்காக ஓட்டினார்.

மேனேஜரின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தட்டச்சில் கேட்டார்: "அங்கே என்ன இடி?" "தறி" என்று அடித்தேன். "இதுதான் மூன்று வாரமாகத் திரையை அணைத்தது. இப்போது பாருங்கள்." பத்து நிமிடம் பார்த்தார். வீடு அதிர்ந்தது, தவளை நிமிர்ந்தே நின்றது. பிறகு எழுதினார்: "நம்பாததுக்கு சாரி. ஆபீசுக்கு வர வேண்டாம். அங்கேயே இருங்க."

நான் கையைத் தூக்கிக் காட்டியதும் மாமா தறியை நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி போனுக்கு முன்னால் வந்து கும்பிட்டார். "மன்னிச்சிக்கங்கம்மா. வந்தவங்கள உக்கார வச்சிகினு தறி ஓட்டிட்டேன். ஒரு காப்பிகூட குடுக்கல." அந்த அம்மா சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டார்.

போனில் அந்த அம்மாவின் முகம் மறைந்ததும் மாமா என்னை ஒருதரம் பார்த்தார். போய் இரண்டு தறிகளையும் ஓட்டிவிட்டார். நான் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தேன். எனக்கு எதற்குத் தறியை நிறுத்த வேண்டும், நான் இந்த வீட்டுக்காரி.