ஒயில் குடிக்காத எஞ்சின்

ராகலை டவுனைத் தாண்டி நுவரெலியா போகிற ரோட்டில், இரண்டாவது வளைவில் இருக்கும் கராஜுக்குப் போர்டு கிடையாது. முத்துலிங்கம் பாஸ் கராஜ் என்று சொன்னால் பஸ்காரர்களே நிறுத்தி இறக்கிவிடுவார்கள். பாஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் தேயிலை பெக்டரியில் மெஷின் பார்த்தவர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் தேயிலையைக் கசக்கும் தன் ரோலரிலிருந்து ஒரு சொட்டு ஒயில்கூடக் கொழுந்தில் விழுந்ததில்லை என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

வெறும் பெருமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு சொட்டு விழுந்தால் ரோலரில் கிடக்கும் கொழுந்து அத்தனையும் வீண். அப்புறம் பெக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் எங்கே ஒயில் கசிந்தாலும் முத்துலிங்கத்தின் கை முதலில் அதை அடைத்துவிடும். ஏன் கசிகிறது என்ற யோசனையெல்லாம் பிறகுதான். கராஜ் வைத்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. அவரிடம் வந்து போன லொறி நின்ற இடத்தில் கறை இருக்காது என்று ஊரே சொல்லும்.

மரக்கறி லொறி ஓட்டும் அமிர்தநாதனும் அவருடைய மகள் ஷெரோமியும் சேர்ந்து ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி வந்தபோது, ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஷெரோமி தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணித டீச்சர், வயது இருபத்தெட்டு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்தில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சின்ன வயதில் அப்பாவின் லொறியில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தைப் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை அது.

அந்தக் காரின் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. டீக்கடை மரக்கறி ரொட்டி மாதிரி முக்கோணமாக இரண்டு இரும்புத் துண்டுகள், இடுப்பு ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு மூலையிலும் சீல் என்கிற ஒரு மெல்லிய தகடு உண்டு. அது சுவரை உரசிக்கொண்டே ஓடினால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும். அது தேய்ந்துவிட்டால் வண்டி சூட்டோடு நின்ற இடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

முதல் தடவை பழைய சீல்களைக் கழற்றிப் புதிது போட்டுக் கொடுத்தார் முத்துலிங்கம். போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தார். பேசுகிற பாஷை விளங்காவிட்டால் என்ன, கை எங்கே போகிறது என்று தெரிந்தால் போதாதா என்பது அவர் கட்சி. வண்டி பாடிக்கொண்டு போனது. புகைச் சோதனையிலும் சுத்தம். நாலே மாதத்தில் திரும்பி வந்தது. சீல் தேய்ந்திருந்தது. "டீச்சர் கொஞ்சம் பாத்து மிதிக்கணும்," என்றார். மறுபடி புதிது போட்டார். ஐந்து மாதம்தான், மறுபடி அதே தேய்மானம்.

அப்போதுதான் அவர் டீக்கடையில் வாயை விட்டார். ரொட்டி கடித்துக்கொண்டிருந்த நாலைந்து லொறிக்காரர்கள் மத்தியில், "பொம்பளப்புள்ள காலு அப்பிடி, எஞ்சின் என்ன செய்யும்?" என்று சொல்லிச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் அது அமிர்தநாதன் காதுக்குப் போய்விட்டது. மனுஷன் மகளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வலப்பனையில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். "ஓடுற மாதிரி செஞ்சு மட்டும் குடுங்க பாஸ், தள்ளிவிட்டுருவோம்," என்று கராஜில் கொண்டுவந்து விட்டார்.

மூன்றாவது தடவையாக எஞ்சினைப் பிரித்து, பேப்பர் விரித்து வரிசையாக வைத்தார் முத்துலிங்கம். உண்மையைச் சொன்னால், டீச்சர் கால் செய்த வேலைக்கு ஓர் அடையாளம் தேடினார். கண்டபடி மிதித்திருந்தால் ஒரு சீலாவது முறிந்திருக்கும். எதுவும் முறியவில்லை. ஆறும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. தூசி போயிருந்தால் சுவரில் கோடு விழுந்திருக்கும், கோடு இல்லை. சூடு ஏறியிருந்தால் தகடு கோணியிருக்கும். மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், கோணவில்லை. சுவரைத் தடவினார். மண்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வறண்டு கிடந்தது.

ஷெரோமி அந்த நேரம் பார்த்து வந்தாள். வண்டிக்குள் கிடந்த குடையையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ மெதுவாத்தான் ஓட்டினேன் அங்கிள். ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஒயிலும் பாப்பேன். அஞ்சு மாசமா ஒரு துளி கொறயல."

அவள் போன பிறகு முத்துலிங்கம் அந்த வறண்ட சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி குறையவில்லை என்றால், இவ்வளவு உரசுகிற சீலுக்கு ஒயில் எங்கிருந்து வந்திருக்கும்?

பதில் அவர் கையிலேயே இருந்தது. முதல் தடவை பிரித்தபோது, சின்னப் பம்ப் ஒன்றிலிருந்து மெல்லிய குழாய்கள் எரிகிற அறைக்கு ஒயிலைக் கொண்டுபோவதைப் பார்த்தார். பெட்ரோல் எரிகிற இடத்தில் ஒயிலா? பழைய சொந்தக்காரன் செய்த கோளாறு என்று எண்ணி, இரண்டு குட்டை ஆணி திருகி, பசை தடவி, வழியை அடைத்துவிட்டார். இரண்டாவது தடவை, அடைப்பு நன்றாக நிற்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

ஆணிகளைக் கழற்றினார். பம்பைக் கையால் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் குழாய் முனையில் ஒரு சொட்டு ஒயில் திரண்டு, விரலில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒயில் குடித்தே வாழ வேண்டிய எஞ்சினை அவர் ஒன்பது மாதம் பட்டினி போட்டிருக்கிறார்.

இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆணியை வீசிவிட்டு, புது சீல் போட்டுக் கொடுத்தால் வண்டி வலப்பனைக்குப் போய் வருடக்கணக்கில் ஓடும். பாஸ் கை வைத்தால் சும்மாவா என்பார்கள். அந்த நினைப்பு வந்தது, வராமலில்லை. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அப்பாவையும் மகளையும் கராஜுக்குக் கூப்பிடாமல், அதே டீக்கடைக்கு வரச்சொன்னார். லொறிக்காரர்களும் இருந்தார்கள். ஆணி இரண்டையும் மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது ரெண்டும் நான் போட்டது. சீலு தேஞ்சது இதுனாலதான். டீச்சர் ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. இங்க ஒக்காந்து நான் அன்னைக்குப் பேசுனது தப்பு."

லொறிக்காரர் ஒருவர், "பாஸுக்கே சறுக்கிருச்சா," என்றார். முத்துலிங்கம் ஆமாம் என்றார்.

அமிர்தநாதன் ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"ஏப்ரல் ஓட்டத்துக்குப் பேரு குடுக்க இன்னும் நாள் இருக்கா?"

"வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கு."

"அப்ப குடு. வலப்பனைக்காரருக்கு நான் சொல்லிக்கிறேன்."

ஷெரோமி சந்தோஷப்படுவாள் என்று முத்துலிங்கம் எதிர்பார்த்தார். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் தேத்தண்ணியைக் கையில் எடுத்தவள், குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

"மொத தடவ பாத்து மிதிக்கணும்னு நீங்க சொன்னப்பவே நான் நம்பிட்டேன் அங்கிள். அதனாலதான் அப்பிடி மெதுவா ஓட்டினேன். மெதுவா ஓட்டியும் சீலு போனதும், நமக்கு இது வராதுன்னு மனசு விட்டுருச்சு. அப்பா சாவி கேட்டப்ப நான் சண்ட போடவே இல்ல, தெரியுமா?"

முத்துலிங்கம் மேசையில் கிடந்த மற்ற ஆணியைக் கையில் எடுத்தார்.

"தப்பு என் கையிலமா," என்றார். "உங்க கால்ல இல்ல."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.