தையல் மெஷின் கட்சி

எங்கள் கட்சிக்கு முழ நீளத்துக்குப் பெயர் வைத்தார் என் கணவர். ஊரில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. பெரம்பலூரில், காலையில் கல்யாணம் முடிந்திருந்த ஒரு மண்டபத்தில், அடுக்காமல் விட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கட்சி தொடங்கினோம். ஆளைவிட நாற்காலி அதிகம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அரியலூர் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் போன குழி ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் நின்று ஏரி போல் கிடக்கும். எங்கள் தெருவில் ஓர் அக்காவின் ஒரே மகன், ஆட்டைத் தேடிப் போனவன், அதில் விழுந்து செத்தான். உடலைத் தூக்கி வந்தவர்களில் என் கணவரும் ஒருவர். குழியைச் சுற்றி வேலி போட வைக்கிறேன் என்று அன்றைக்கே அந்த அக்காவிடம் சொல்லிவிட்டார். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்த பிறகுதான் கட்சி.

முதல் தேர்தலில் எங்களுக்குத் தையல் மெஷின் சின்னம் கிடைத்தது. தோற்றோம். ஆனால் எங்கள் ஊர்ப் பெட்டியில் நாங்கள்தான் முதல். அதன் பிறகு ஊரே அவரைத் 'தையல் மெஷின்காரர்' என்றது. அவருக்கு அதில் ஏகப் பெருமை.

அடுத்த தேர்தலில் அதே சின்னத்தை முன்பின் தெரியாத ஒரு சுயேச்சையும் கேட்டார். கட்சியைப் பதிவு செய்யாததால் தேர்தல் கணக்கில் என் கணவரும் ஒரு சுயேச்சைதான்; சின்னம் எங்களுக்குச் சொந்தமில்லை. குலுக்கலில் அது அவருக்குப் போனது. எங்களுக்குக் கேரம் போர்டு. இருந்த கொஞ்ச நாளில் திருமானூர் பக்கம் கரும்புக்காட்டு வரப்பெல்லாம் ஏறி இறங்கி, தொண்டை வற்றக் கத்தினோம்.

"நம்ம ஊர்லயும் ஒரு சுத்து சுத்தி, சின்னம் மாறினதச் சொல்லிடலாங்க" என்றேன்.

"நம்ம ஜனங்ககிட்டயே போயி ஓட்டு கேக்குறதா? அசிங்கமா இருக்காது?" என்றார்.

ஓட்டு எண்ணும் நாளில் நான் ஏஜென்ட்டாக மேஜை முன் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்ப் பெட்டி வந்தது. கேரம் போர்டுக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காத அந்தச் சுயேச்சைக்கு அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பட்டன் பக்கத்தில் வேட்பாளர் போட்டோ இருந்தது வாஸ்தவம்; முகத்தை யார் பார்த்தார்கள்? எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெளியே நின்ற கணவரிடம் சொன்னேன். வண்டியை எடுத்தார்.

சாயங்காலம், மகனைப் பறிகொடுத்த அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எப்புடித் தம்பி தோத்த? நம்ம தெரு பூரா தையல் மெஷின்லதான் குத்துச்சு. படுத்த படுக்கையா கெடக்குற எம் மாமியாளக்கூட தூக்கிட்டுப் போயி குத்த வச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"வெளியூர்ல விழலக்கா" என்றார்.

"அதான பாத்தேன். நம்ம ஊரு கைவிடாது." படி இறங்கப் போனவர் திரும்பினார். "அப்ப வேலி?"

என் கணவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வுடு. அடுத்த தடவையும் நில்லு தம்பி. அதே மெஷின்ல குத்துறோம்."

"சரிக்கா" என்றார்.

அக்கா தன் வீட்டுக்குள் நுழையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து அழுதார். நானும் அழுதேன். கட்சியைக் கலைத்துவிட்டதை இன்றுவரை அந்த அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. குழி வேலியில்லாமல்தான் கிடக்கிறது.