ஆந்தையின் வெள்ளை

அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் ஒரு மிருகம் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் நரியின் செம்பழுப்பு, தலையணை உறையில் மீன்கொத்தியின் நீலம். மகளின் விடைத்தாள் ஒருமுறை கீரிப்பிள்ளை நிறத்தில் கட்டைவிரல் ரேகையோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து துடைத்துத் துடைத்து அந்த வீட்டுக்காரிக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிதானமாக இறக்கிவிடுகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் அந்த நிதானமெல்லாம் எங்கே போகுமோ, ஒரு முயலின் காது சரியாக வரவில்லை என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். வரைவது பேஸ்டலில். பேஸ்டல் என்றால் குச்சியாக இறுக்கிய நிறப்பொடி, அவ்வளவுதான். அதைத் தாளில் தேய்த்து விரலால் இழுப்பார்.

"பிரஷ்ல வரைஞ்சா தள்ளி நின்னு பாக்கிற மாதிரி இருக்கு. இதுல ரோமத்தைத் தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்பார்.

தடவிக் கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று அவள் ஒருமுறை கேட்டே விட்டாள். அவர் காதில் விழவில்லை. நீர்நாயின் மீசையில் இருந்தார்.

நீர்நாய் பார்க்கக் கல்யாணமான மறுவாரமே அவளையும் சதுப்பு நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர்தான். கொசு வந்தது, நீர்நாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகத் தன் நாய்க்குட்டியை வரைந்து தரச் சொன்னபோது, "அதுக்குத்தான் நீங்க பேர் வெச்சிட்டீங்களே, எனக்குப் பேர் இல்லாததுதான் வேணும்" என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்கினார். இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பொடி உங்க நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. வேற எதுல வேணா வரைங்க, இதை விட்டுடுங்க."

"கையில ஒரு ஆந்தை இருக்கு டாக்டர். அதை மட்டும் முடிச்சுக்கிறேன்."

பாழடைந்த தண்ணீர்த் தொட்டியில் குடியிருந்த வெண்ணெஞ்சு ஆந்தை அது. மழைக்காலம் முழுக்கக் குடையோடு போய்ப் பார்த்து வந்தார். வெள்ளைக்குள்ளேயே எத்தனையோ வெள்ளைகள் வைத்து அந்த நெஞ்சை நிரப்பினார். ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு இருமல். அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

அலமாரியில் ஒரு ஸ்ப்ரே டப்பா இருந்தது. அடித்தால் பொடி தாளோடு ஒட்டிக்கொள்ளும், பறக்காது. அவர் அதைத் திறந்ததே இல்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆந்தைக்குத் தலை முதல் கால் வரை தாராளமாக அடித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நனைந்த சுவர்போல மங்கிச் சாம்பலாகிவிட்டது.

அவர் துண்டோடு வந்து நின்றார். "அது வெள்ளையைத் தின்னுடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தார்தான். அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தித் தொலைத்தாலாவது பரவாயில்லை, அதையும் செய்யாமல் வெள்ளைக் குச்சியை எடுத்தார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா பாருங்க!"

"அப்ப இது இப்படியே கெடக்கட்டுமா? இதுதான் எனக்குக் கடைசின்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாமலா? அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. "அங்கேருந்தே சொல்லுங்க. நான் வைக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரகளைதான்.

"அழுத்தாதே!"

"அழுத்தல."

"செவுத்துக்கு வெள்ளை அடிக்கிறியா? எறகு விழற பக்கமா இழு!"

"எந்தப் பக்கம் விழுதுன்னு ஆந்தையைப் போய்க் கேக்கட்டுமா?"

"பொடியைத் துடைக்காதே! தாளைத் தட்டு!" கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்துவார், கத்திவிட்டு இருமுவார். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி இழுப்பாள்.

ஒருநாள் அவர் கத்தவே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "போதும். நல்லா இருக்கு. வெளிய வா" என்றார்.

அவள் திரும்பினாள். அணில் வாலுக்குக்கூடப் போதும் என்று சொல்லாத மனிதர். ஆந்தையின் இடது தோள் மாவு கொட்டியதுபோல் இருந்தது, அவளுக்கே தெரிந்தது. அவர் ஆந்தையைப் பார்க்கவில்லை. அவளுடைய முகக்கவசத்தில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். "எந்த எறகுன்னு சொல்லுங்க."

அவர் மறுபடி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். பிறகு, "இடது தோள்ல, மேலேருந்து மூணாவது" என்றார்.

அவள் வெள்ளைக் குச்சியை எடுத்தாள்.