பிரீஅம்ப் தனியப் பாடாது

நாதஸ்வரக்காரர் அடுத்த வரிக்கு முதல் மூச்சு இழுக்கிற சத்தம்... அதை நான் முதன்முதல் கேட்டது வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒண்டில, நாங்கள் வாடகைக்கு இருந்த, வீட்டோட ஒட்டின சின்ன அனெக்ஸில. அண்ணா கையால கட்டின பிரீஅம்புக்குள்ளால.

"கேட்டியே பிள்ளை? மனுசன் மூச்சு எடுக்கிறதும் வருது!" எண்டு குதிச்சார். கலியாண வயசு தாண்டின ஆம்பிளை, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு.

சண்டைக்காலம். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில, நாங்கள் ரெண்டு பேரும் கொழும்பில. நான் டைப்பிஸ்ட். அண்ணா புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்குப் பார்த்தவர். தண்ணி, சிகரட் ஒண்டும் இல்லை. பாட்டு விசர் மட்டும்தான்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்... பிரீஅம்ப் எண்டது கசெட்டில இருந்து வாற மெல்லிய சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி, துப்புரவாக்கி, அம்பிளிபையருக்குக் குடுக்கிற சாமான். பின்னால அம்பிளிபையரும் ஸ்பீக்கரும் இருந்தாத்தான் எங்கட காதுக்கு வரும். தனிய வைச்சா அது ஊமை.

வீட்டுக் கரண்டில போட்டா அடியில "ம்ம்ம்" எண்டு ஒரு இரைச்சல் வரும். அது அண்ணாவுக்குப் பிடிக்காது. அதால முழுக்க பற்றறியில கட்டினார். பழைய போர்ட்டபிள் ரேடியோக்களில இருந்து கழட்டின சின்னக் கண்ணாடி வால்வ் ரெண்டு, சதுரப் பற்றறிகளை ஒண்டோட ஒண்டு கொளுவின ஒரு நீட்டுச் சங்கிலி, எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள.

கடற்கரைத் தண்டவாளத்தில கோச்சி போகேக்க வீடு அதிரும், வால்வ் "கிண்" எண்டும். அந்தக் கிண்ணும் ஸ்பீக்கரில வந்திடும். பழைய செருப்பு ரப்பரை வெட்டி, வால்வுக்குக் கீழ மெத்தை மாதிரி வைச்சார். பிறகு கோச்சி போனாலும் பாட்டு குழம்பேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு கண்டென்சரைக் கழட்டி வேற ஒண்டு போட்டுப் பாப்பார். என்னைக் கூப்பிட்டு, "இப்ப எப்பிடி? முந்தி எப்பிடி?" எனக்கு ஒரு வித்தியாசமும் விளங்காது... "இப்ப நல்லம்" எண்டுவன்.

பிறகு கொழும்பில குண்டு வெடிச்ச ஒரு கிழமை. ஒழுங்கை ஒழுங்கையாப் பொலிஸ் செக்கிங்.

வீட்டுக்கார அன்ரி ஓடி வந்தா. "தம்பி, உந்த ரின்னை எங்கயாவது கொண்டே எறியும். ரின்னும் வயரும் பற்றறியும்... பாக்கிறவன் என்னெண்டு நினைப்பான்?"

"எங்க எறியிறது அன்ரி? கடற்கரையில கிடந்து ஆரும் கண்டா அதுதான் பெரிய பிரச்சினை."

அண்ணா சொன்னதும் சரிதான். வைச்சிருக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. கழட்டுவம் எண்டு நான் சொன்னன். கழட்டினாலும் வயரும் பற்றறியும் வீட்டுக்குள்ளதானே கிடக்கும் எண்டார். கடைசியா அவரே ஒரு முடிவெடுத்தார். வீட்டில இருக்கிற ஆக்களின்ர பேர் பதிய எப்பிடியும் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகவேணும். அதோட இதையும் நாங்களே கொண்டே காட்டிவிட்டா, நாளைக்குச் செக்கிங்கில பயம் இல்லையாம். "ஒளிச்சாத்தான் பிள்ளை சந்தேகம். ஒளிக்காதவனை என்ன செய்யிறது?"

ஒப்பீசுக்குப் போற வெள்ளைச் சேட்டைப் போட்டார். ரின்னை மூடாமல், எல்லாருக்கும் தெரியிற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு நடந்தார், நான் பின்னால போனன். ஸ்பீக்கரும் மற்றதுகளும் பாரம் எண்டு வீட்டிலயே விட்டிட்டார்...

மேசையில இருந்த பொலிஸ்காரர் நல்லாத்தான் கதைச்சார். "பாட்டுக் கேக்கிறதா? சரி, போட்டுக் காட்டு."

அண்ணா சுவிச்சைப் போட்டார். வால்வுக்குள்ள மெல்லிய சிவப்பு. வேற ஒண்டுமில்லை.

"சத்தே கோ?" எண்டார் அவர். சத்தம் எங்க எண்டு.

அண்ணா தன்ர அரைகுறைச் சிங்களத்தில பிரீஅம்புக்கு விளக்கம் சொன்னார். தமிழிலயே எனக்கு விளங்காத விசயம். அவர் பாட்டுப்பெட்டி எண்டு சொல்லிக்கொண்டு வந்த பெட்டி பாடேல்லை. பொக்கெட்டில இருந்து சேர்க்கிட் படத்தை எடுத்துக் காட்டினார். கோடும் புள்ளியுமா அந்தப் படத்தைப் பாத்த பிறகுதான் அந்தாளின்ர முகம் மாறினது. கதிரையைப் பின்னால தள்ளி எழும்பினார்.

"ஓடிப் போய் கசெட் பிளேயர், அம்பிளிபையர், ஸ்பீக்கர் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வா பிள்ளை. கேட்டா விளங்கும்" எண்டார் அண்ணா. அப்பவும் சிரிச்சுக்கொண்டுதான்.

ஓடினன். த்ரீவீலரில மற்றதுகளைக் காலடியில போட்டு, ஸ்பீக்கரை மடியில வைச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு திரும்பி வந்தன். அண்ணா அங்க இல்லை. வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டாங்களாம். எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கொண்டு வந்ததை ஒருத்தரும் கேக்கவும் இல்லை, பாக்கவும் இல்லை. காலி வீதியில ஸ்பீக்கரோட நிண்டு குழறி அழுதன். சனம் விலத்திக்கொண்டு போச்சுது. அவையளைக் குறை சொல்லேலாது, அவையளுக்கும் பயம்.

நானும் அன்ரியும் கோடுகள் இருக்கிற புதுக்கடையில லோயர்மாரின்ர வாசல் வாசலா ஏறி இறங்கினம். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுது அவர் வெளியில வர. குற்றம் ஒண்டும் இல்லையாம். அடிச்ச அடியில இடது காது போயிட்டுது. டொக்டர் டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு, இனி வராது எண்டார்.

அதுக்குப் பிறகு அண்ணா சோல்டரிங் அயன் தொட்டதே இல்லை. கலியாணமும் கட்டேல்லை. கசெட்டுகளை ஆருக்கோ குடுத்திட்டார். நான் கும்பிட்ட கடவுள் எல்லாரிலயும் எனக்கு அண்டைக்கு வந்த கோவம் இன்னும் போகேல்லை.

இப்ப சண்டை முடிஞ்சு எத்தினையோ வருசம். போன மாதம் அண்ணாவோட காலி வீதியில நடந்து போகேக்க ஒரு புது ஓடியோ கடை. வால்வ் பிரீஅம்புகளைக் கண்ணாடிக்குள்ள லைட் போட்டு வைச்சு விக்கினம். பற்றறியில வேலை செய்யிறதும் இருக்காம். செக்கிங்கும் இல்லை, பயமும் இல்லை. இளம் பெடியங்கள் போனில படம் எடுக்கினம்.

அண்ணா உள்ள போனார். நான் மறிக்கேல்லை.

கடைக்காரப் பெடியன் மரியாதையா அவரை நடுவில ஒரு கதிரையில இருத்தி, கச்சேரி ஒண்டைப் போட்டான். "அங்கிள், இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். ரெண்டும் தனித்தனியாக் கேக்குதா?"

அண்ணா கண்ணை மூடிக்கொண்டு, இடது காதை ஒருக்காத் தடவினார்.

"ஓம் தம்பி" எண்டார். "வயலின் நல்லாக் கேக்குது."