என் நிறத்துக்கு ஒரு சவுரி

கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, என் தலைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. என் முடி தோள்பட்டையைத் தாண்டாது. சில வருஷங்களுக்கு முன் டெங்கு வந்து பிழைத்தேன். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதற்கப்புறம் எந்த எண்ணெய்க்கும் மசியவில்லை. நான் வேலை பார்க்கிற தையல் யூனிட்டில் என் பின்னலுக்கு எலிவால் என்று பெயர். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். தாலி ஏறுகிற அன்றைக்காவது இடுப்பு வரைக்கும் ஜடை தொங்க உட்கார வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், பின்னால் நிற்கிற நாத்தனார் ஜடையை ஒதுக்கிவிட்டு மற்ற முடிச்சைப் போடுவாள். அவள் கையில் போய் எலிவால் சிக்குவதா?

மரக்காணத்தில் பார்லர் வைத்திருக்கும் அக்கா தன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கடை பரப்பினாள். கிளிப் வைத்தது, பின்னலோடு சேர்த்துப் பின்னுகிற சவுரி, பூ தைத்த ரெடிமேட் ஜடை. அத்தனையும் கன்னங்கறுப்பு. என் முடி செம்பட்டை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய் வெயிலில் காய்ந்தவள் நான். அது பாதிக் காரணம் என்றால், அம்மா வழியில் எல்லாருக்குமே அந்த நிறம்தான். அக்கா ஒரு சவுரியை என் தலையில் வைத்துக் கண்ணாடி காட்டினாள். தேங்காய் நாரில் கறுப்பு நூலை முடிந்த மாதிரி இருந்தது.

"டை அடிச்சிடலாம்மா, எல்லாம் ஒரே கலரா ஆயிடும்."

"ஐயோ வேணாங்க்கா. ஒரு வாட்டி அடிச்சு மூஞ்சியே வீங்கிப்போச்சு. கண்ணத் தெறக்க முடியல."

"அப்ப பாண்டிக்குப் போய்ப் பாரு."

போனோம், அம்மாவும் நானும். கடை கடையாக ஏறி இறங்கினோம். கறுப்பு வேண்டாம் என்றால் தங்க நிறத்தில் எடுத்துப் போட்டார்கள். "இத வச்சிக்கினு மணமேடையில குந்துனா, ஆரோவில்ல இருந்து வெள்ளக்காரிய கட்டிக்கினான்னு சொல்லுவாங்க," என்றாள் அம்மா. கடைசியாகப் போன கடையில், கடைக்காரர் என் முடியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"இந்தக் கலரு ரெடிமேடுல வராதும்மா. உங்க சொந்தத்துல யாருக்காவது இதே முடி இருந்தா வெட்டி எடுத்தாங்க. நான் சவுரி கட்டித் தர்றேன்."

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். முந்தானைக்குக் கீழே ஜடை வெளியே வந்து கிடந்தது. அதே செம்பட்டை, அதே சுருள், மணிக்கட்டுப் பருமன். ஊரெல்லாம் தேடியது கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"உன்னுத குடேன்மா. உனக்கு வளந்துடும்."

"அது என்னுது இல்லடி," என்றாள் திரும்பாமலே. "மயிலம் முருகனுக்கு நேந்துகிட்டது. உன் கல்யாணத்துக்குள்ள மொட்ட போட்டுக்கணும்."

இது எனக்குப் புதுச் சேதி. கல்யாணம் கூடிவந்ததற்கான வேண்டுதல் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை வானூரில் டிராக்டர் மெக்கானிக். "அவரு கெடச்சதுக்கா மொட்ட? அவரு இன்னா கலெக்டரா? பூமுடி குடு போதும், மூணு இணுக்கு. சாமி உன் முடிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறாரு? ஏலத்துல போவும். அதையே கடைக்காரன் கறுப்படிச்சு நம்ம தலையில கட்டுவான்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா ஜடையை முன்னால் இழுத்து முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு "சோறு இருக்குது, போட்டுக்க" என்பதைத் தவிர அவள் பேசவில்லை. நான் பாத்திரத்தையெல்லாம் டமால் டமாலென்று வைத்தேன். ஒரு சாயங்காலம் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "என்னவிட உனக்கு சாமிதான் பெருசு, இல்ல?"

அம்மா கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"மாப்ளைக்காக வேண்டிக்கினேன்னு உங்கிட்ட யாருடி சொன்னா? நீ ஆஸ்பத்திரில கெடந்தப்போ வேண்டிக்கினது. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? எங்க ரெண்டு பேரு முடியயும் எடுத்துக்கப்பா, பொண்ண மட்டும் குடுத்துடுன்னேன். நீ பொழச்ச. வூட்டுக்கு வந்ததும் உன் முடி கொட்டிடுச்சு. உன் பங்க அவரே எடுத்துக்கினாரு. என் பங்குதான் நிக்குது."

அந்தக் காய்ச்சல் வந்தால் யாருக்கும் முடி கொட்டும், டாக்டரே சொன்னாரே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று நான் அழுதபோதெல்லாம், தான்தான் என் முடியை வாரிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபடி பின்னால் நின்றிருக்கிறாள்.

"அப்ப ஏம்மா இத்தன வருசமா போடல?"

"எனக்கும் என் முடி புடிக்கும்டி." புறங்கையால் ஜடையை மெல்ல ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். "உன் கல்யாணம் வரைக்கும் விடுப்பான்னு கேட்டுக்கினேன். இப்ப ஏமாத்திட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அடுத்த கிருத்திகைக்கு மயிலம் போனோம். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார்; முதல் இழுப்பிலேயே ஒரு பெரிய கொத்து அவள் மடியில் விழுந்தது. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் இருந்த பெண், என்ன பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா முடிக்காகத்தான் அழுதாள், எனக்குத் தெரியாதா? முடியும் வரை அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன்.

சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டாள். "கண்றாவியா இருக்குதாடி?"

"போம்மா. தல நல்லா உருண்டையா, அழகாத்தான் இருக்குது."

"நீ அந்தக் கறுப்பு சவுரியவே வச்சிக்க. மேல பூ சுத்துனா தெரியாது."

வேண்டாம் என்றுவிட்டேன். அவள் மொட்டைத் தலையோடு நிற்கும்போது, யாருடைய முடியையோ இடுப்பு வரை தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. "மணப்பொண்ணுக்கு ஜடை இல்லாம ஒரு அலங்காரமா?" என்று பார்லர் அக்கா கடைசி வரை முணுமுணுத்தாள். என் முடியையே சின்னக் கொண்டையாகப் போட்டு, மல்லிகையும் கனகாம்பரமும் சுற்றிவிட்டாள்.

தாலி ஏறியது. ஒதுக்க ஜடை இல்லாததால் நாத்தனார் சட்டென்று முடிச்சைப் போட்டுவிட்டாள். கெட்டிமேளம் அடங்கியபோது, எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியம்மா அம்மாவிடம் விசாரிப்பது காதில் விழுந்தது.

"இன்னாங்க சம்பந்தியம்மா, பொண்ணு கல்யாணமும் அதுவுமா மொட்ட போட்டிருக்கீங்க? வேண்டுதலா?"

"ஆமாங்க. மயிலத்துக்கு."

"இன்னா வேண்டிக்கினீங்க?"

"தோ, மாலை போட்டுக்கினு குந்தியிருக்குது பாருங்க," என்றாள் அம்மா. "இதத்தாங்க."