எடுக்கப்படாத படத்திலிருந்து ஒரு காட்சி

கெல்வின் ட்ரெலோரை நல்ல மனிதர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேர்மையானவர் என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றில்லை. சரைனா என்ற சின்ன ஊரில் அவருக்கு எதிர்வீட்டில் வெகுகாலமாக இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது தெரியும்.

மக்கே துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சர்க்கரை ஏற்றும் எந்திரத்தை ஓட்டியவர். முதுகு பழுதானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் வந்து போனார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். மனைவி ஜோஸ்லின் பகலெல்லாம் பல் மருத்துவமனை வரவேற்பில் இருப்பார். கெல்வின் கார் கொட்டகையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். ஈரம் குறையாமல் சுருட்டுகளை அடுக்கி வைக்க அவரே ஒரு தேவதாரு மரப்பெட்டி செய்திருந்தார். பேச்சுத் துணைக்கு இணையத்தில் ஒரு சுருட்டுக்காரர் குழு இருந்தது. நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த நாற்பது ஐம்பது பேர் அதில் இருந்தார்கள். நானும் ஒருவன். என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. குழுவில் யாருக்காவது கஷ்டம் என்று தெரிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தபாலில் ஒரு பொட்டலம் சுருட்டு போகும். வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார். சமயம் பார்த்து அதைவிடப் பெரிய பொட்டலத்தை அனுப்பியவர் தலையில் இறக்குவார். அதைப் பழிவாங்கல் என்றே சொல்வோம். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள் நம்பிக்கையை அப்படித்தான் வளர்த்துக்கொண்டோம்.

விளையாட்டும் அதே நம்பிக்கையில்தான் நடந்தது. ஒருவர் பழைய சினிமா ஒன்றிலிருந்து ஒரு காட்சியை மட்டும் அசையாத படமாகப் போடுவார். அதில் சுருட்டு இருந்தாக வேண்டும், முகம் இருக்கக் கூடாது. ஒரு கை, கொஞ்சம் புகை, மேசையின் ஒரு மூலை. அதை வைத்துப் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அடுத்த காட்சியைப் போடும் உரிமை. காட்சியை இணையத்தின் தேடும் எந்திரத்தில் கொடுத்துத் தேடக் கூடாது என்பது மட்டுமே சட்டம்.

கெல்வின் இதில் கெட்டிக்காரர். அவர் அம்மா, காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கில் உருளைக்கிழங்கு பொரித்து விற்றவர். ஒலிபெருக்கி கார்களுக்குள்தான் தொங்கும். கடைக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்திருந்த கெல்வினுக்கு ஒரு வசனமும் கேட்டதில்லை. யார் கொலைகாரன், யார் யாரை ஏமாற்றுகிறான் என்பதை அவர் திரையில் தெரிந்த கைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

குழுவின் ஆட்டத்தை நடத்தியவர் டார்சி ஹெம்ப்ஹில். கோல்ட் கோஸ்டில் நீச்சல்குளப் பம்புகள் விற்பவர், பேச்சில் வல்லவர். ஞாயிறு மதியங்களில் எல்லோரும் திரையில் முகம் காட்டிச் சேர்ந்து புகைப்போம். அப்படி ஒரு ஞாயிறு டார்சி ஒரு காட்சியைப் போட்டார், கெல்வின் உடனே பெயரைச் சொன்னார். சரியான பெயர்.

"யோவ் கெல்வின், நான் பீர் பாட்டிலத் திறக்கறதுக்குள்ள சொல்லிட்டே. ஞானதிருஷ்டியா?" என்றார் டார்சி, சிரித்துக்கொண்டே.

"அந்த ஆளு மோதிரத்தக் கல்லு உள்பக்கமாத் திருப்பிப் போட்டிருப்பான். ஒரு தடவ பாத்தாப் போதும், மறக்காது."

"மோதிரம்! கேட்டீங்களாப்பா, மோதிரமாம்! தேடித்தான் பாத்தேன்னு சொல்லிடுய்யா. நாங்க என்ன தூக்குலயா போடப் போறோம்?"

"நான் தேடல."

"சரி, தேடலன்னு நிரூபி."

செய்த காரியத்துக்குச் சாட்சி இருக்கலாம். செய்யாத காரியத்துக்குச் சாட்சியை எங்கே போய்த் தேடுவது? இப்படிக் கேட்பவனுக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறான். நான் கெல்வினுக்காகப் பேசினேன். "எதிர்வீட்டுக்காரன் வேற என்ன சொல்வான்!" என்றார் டார்சி. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

கெல்வினை யாரும் வெளியேற்றவில்லை. அவர் எழுதுவதற்குப் பதில் வருவது மட்டும் நின்றது. விடை சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதே விடையை வேறொருவர் சொன்னால் கைதட்டுவார்கள். ஹோபார்ட்டில் இருக்கும் ஐவோ மாரிச்சுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது கெல்வின் வழக்கம்போலப் பொட்டலம் அனுப்பினார். பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. சுருட்டைத் திருப்பி அனுப்புவது எங்கள் கூட்டத்தில் நடக்காத காரியம். காறித் துப்பியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"விட்டுத் தள்ளு," என்றார் ஜோஸ்லின். "நேர்ல பாக்காத நாப்பது பேருக்காக நாலு நாளா சோறு எறங்காம உக்காந்திருக்கே."

"தெரிஞ்சவன் திருடன்னு சொன்னா ரெண்டு அறை விட்டுட்டு வந்திருப்பேன் ஜோஸ். இவங்ககிட்ட எனக்கு இருந்தது பேரு மட்டும்தான். அதையும் எடுத்துட்டான்."

பிறகு கெல்வின், எதிரில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார். "வெர்ன், போன மாசம் அந்த இத்தாலியப் படத்துக்கு டார்சி என்ன பேரு சொன்னான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஏதோ விசித்திரமான பெயர்.

"அது ஜெர்மனியில அந்தப் படத்துக்கு வெச்ச பேரு. இந்த நாட்டுல ஒருத்தனும் அந்தப் பேருல அதப் பாத்திருக்க முடியாது. மிஷின் காட்டுனத அப்படியே படிச்சிருக்கான்."

"அப்ப குழுவுல சொல்லு."

"சொன்னா? நிரூபிம்பான். மறுபடியும் எல்லாரும் சிரிப்பாங்க." சாம்பலை நிதானமாகத் தட்டினார். "நான் ஒண்ணும் நிரூபிக்கப் போறதில்ல. அவன் வாயாலயே வர வெக்கப் போறேன்."

இல்லாத ஒரு படத்தை உண்டாக்குவதுதான் அவர் திட்டம். கொட்டகைச் சுவரில் ஜோஸ்லினின் பழைய பச்சைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டோம். மேசையில் எண்ணைச் சுழற்றும் பழைய தொலைபேசி ஒன்று, பாதி குடித்த கண்ணாடிக் கோப்பை. என் கையில் வெள்ளைச் சட்டையின் மடிப்பு தெரிய ஒரு சுருட்டு. கெல்வின் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பி, ஒரு பகல் முழுவதும் என்னை வதைத்தார்.

"கொலைகாரன் மாதிரி பிடிய்யா. நீ சமையல்கரண்டி பிடிச்ச மாதிரி பிடிக்கிறே."

கடைசியில் பழைய வண்ணப்படம்போல மங்கலாக, அழகாக வந்தது. அப்போதுதான் கவனித்தேன். சுருட்டின் காகித வளையத்தை நாங்கள் கழற்றவில்லை. எங்கள் நாட்டுக் கடைகளில் விற்கும் சுருட்டுக்கெல்லாம் பொன்னும் சிவப்புமான அசல் வளையத்தை எடுத்துவிட்டுச் சேற்று நிறத்தில் ஒரு வளையம் போடவேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சட்டம். பெட்டியைத் திறந்தவுடன் அதைத் திட்டாத சுருட்டுக்காரன் இங்கே கிடையாது.

"கெல்வின், வளையம். அறுபது வருஷத்துக்கு முந்தின படத்துல இது எப்படி வரும்? கழட்டிட்டு மறுபடி எடுப்போம்."

"இருக்கட்டும்," என்றார். "சுருட்டப் பாக்கறவன் ஒருத்தனும் ஏமாறக் கூடாது. சுருட்டப் பாக்காதவன் மட்டும்தான் விழணும்."

நான் அவரைப் பாராட்டிய ஒரே சமயம் அது. அதையும் மனதுக்குள்தான் செய்தேன்.

'பர்டெக்கினில் கடைசிச் சுமை' என்று படத்துக்குப் பெயர் வைத்தார். இயக்குநராகப் பக்கத்து வீட்டு நாயின் பெயரைப் போட்டுவிட்டார் ஜோஸ்லின்: ஹெக்டர் பன்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, தயாரித்த கம்பெனி நொடித்துப்போனது, இரண்டு ஊர்களில் மட்டும் ஓடியது. கெல்வின் இப்படி ஒரு வரலாறும் ஒரு கதைச் சுருக்கமும் எழுதி, பழம்பட ரசிகர் ஒருவரின் பக்கம்போல இணையத்தில் காட்சியோடு போட்டுவிட்டார். தேடும் எந்திரம் அதைக் கண்டுபிடித்துத் தன் கிடங்கில் சேர்க்கக் கொஞ்ச காலம் பிடித்தது. காட்சியைக் கொடுத்துத் தேடினால் முதல் விடையாக அது வந்து நின்ற நாளில், கெல்வின் வெகு நாளைக்குப் பிறகு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார்.

காட்சியைப் போட வேண்டுமென்றால் நான் ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அவர் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நானோ சினிமாவில் மந்தம்.

"நீ விடையச் சொல்லு, நான் எழுதறேன். அடுத்த வாரமே முடிச்சிடலாம்," என்றேன்.

"முடியாது."

"யாருக்குய்யா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். சொன்னேன்னு வெய்யி, டார்சி என்னப் பத்திச் சொன்னது உண்மையாயிடும். நீயா ஜெயி. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தார். கரும்பு வெட்டு முடிந்தது, மழை வந்தது, புயல் ஒன்று கடற்கரையைத் தொட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக்கு வந்து, என் திரைக்குப் பக்கத்தில், குழுவினர் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். விடை தெரிந்ததும் அவர் தாடை இறுகும், வாய் திறக்காது. கோபம் ஆறிவிடும் என்று ஜோஸ்லின் நினைத்தார். நானும் நினைத்தேன். கோபத்தைத் தினமும் எடுத்துத் துடைத்து வைக்கிறவர்களை எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

குளிர்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிறு, ரயில் பெட்டி ஒன்றின் காட்சி வந்தது. அது எனக்கே தெரிந்த படம். சொன்னேன், சரி என்றார்கள்.

"அடேங்கப்பா, வெர்னுக்கே கண்ணு தெறந்துடுச்சு!" என்றார் டார்சி. "போடுப்பா உன் காட்சிய."

போட்டேன். பக்கத்தில் கெல்வின் தன் சுருட்டைக் கீழே வைத்தார்.

கொஞ்ச நேரம் எல்லோரும் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐவோ மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "இருங்க, இந்தச் சுருட்டுல ஏதோ ..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"அவசரப்படாதீங்க ஐவோ, நான் சொல்றேன்," என்றார் டார்சி. "பர்டெக்கினில் கடைசிச் சுமை. அறுபத்தொண்ணு. ஹெக்டர் பன்டி எடுத்தது."

அன்று கூட வந்திருந்த ஜோஸ்லின் என் சமையலறைப் பக்கமிருந்து 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க பாத்திருக்கீங்களா டார்சி?" என்று கேட்டேன். இது கெல்வின் எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியில்லை.

"பாக்காமயா? எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. கடைசியில அந்த லாரிக்காரன் சாவான் பாருங்க, அப்பா கண்ணத் தொடைச்சிக்கிட்டாரு."

கதைச் சுருக்கத்தில் லாரிக்காரன் யாரும் இல்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார். பொய் சொல்லப் பழகியவர்களுக்கு அளவு தெரியாமல் போவது இந்த இடத்தில்தான். செத்துப்போன அப்பாவைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைப்பார்கள்.

ஐவோ இன்னும் திரையை விட்டு விலகவில்லை. "டார்சி, அந்தச் சுருட்டோட வளையத்தப் பாருங்க."

"என்ன வளையம்?"

"சேத்து நிறம். நம்ம அரசாங்கத்து வளையம். காலையில நான் கழட்டி எறிஞ்சேனே, அதேதான். அறுபத்தொண்ணுல எப்படி வந்துச்சு?"

யாரோ இருமினார்கள். பெர்த்தில் இருந்த ஒருவர், "ஹெக்டர் பன்டின்னு ஒருத்தர் கெடையவே கெடையாதே," என்றார். அப்போது கெல்வின் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையில் முகம் காட்டினார்.

"இருக்கார். எங்க பக்கத்து வீட்டுல எலும்பு கடிச்சிட்டிருக்கார். அந்தக் கை வெர்னோடது, திரைச்சீலை என் பொண்டாட்டியோடது. படம் நான் எடுத்தது. நான் சொன்ன பொய் ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு, அதத் தேடினவனுக்கு மட்டும்தான் கெடைக்கும். டார்சி, உங்கப்பா ரொம்ப அழுதாரா?"

டார்சியின் கை திரையை நோக்கி வந்தது. பிறகு அவர் இருந்த சதுரம் கறுப்பாகிவிட்டது.

அந்த வாரம் மன்னிப்புகள் வந்தன. ஐவோ தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேசினார். ஆட்டத்தை இனி நீங்களே நடத்துங்கள் என்று எல்லோரும் கெல்வினைக் கேட்டார்கள். ஒத்துக்கொண்டார். எழுதினால் பதில் வந்தது, பேரும் திரும்பிவிட்டது. கதை இதோடு முடிந்திருந்தால் அவரைப் பற்றி இன்னும் நல்ல விதமாக எழுதியிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து டார்சி ஒரு ஞாயிறு திரும்ப வந்தார். மெலிந்திருந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, ஓரமாக இருந்தார். கெல்வின் ஒரு காட்சி போட்டிருந்தார்: படிக்கட்டில் ஒரு கை, அணைந்த சுருட்டு. டார்சி ஒரு பெயர் சொன்னார், தப்பு. இன்னொன்று சொன்னார், அதுவும் தப்பு. மற்றவர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர் மட்டும் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, திக்கித் திக்கி ஒரு பெயர் சொன்னார். அதுதான் சரியான விடை.

எல்லோரும் கெல்வினைப் பார்த்தோம்.

"நிரூபிங்க," என்றார் கெல்வின்.

டார்சி தன் சுருட்டை அணைத்தார். திரையிலிருந்து போய்விட்டார். அதன்பின் அவர் வரவேயில்லை.

எல்லோரும் திரையிலிருந்து கிளம்பிய பிறகு தெருவைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனேன். "அவன் தேடல கெல்வின். ரெண்டு தப்பு சொன்னான். தேடறவன் தப்பு சொல்ல மாட்டான்."

"தெரியும்யா. அந்தக் கையப் பாத்து, யோசிச்சு, அவனாத்தான் கண்டுபிடிச்சான். நல்லாவே விளையாடினான்." சுருட்டின் நுனியை ஊதிக் கனலச் செய்தார். "தேடியிருந்தா எனக்கு இதுல ருசியே இருந்திருக்காது."

ஜோஸ்லின் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கெல்வின் அடுத்த வாரத்துக்கான காட்சியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்.