சைக்கிளோடு ஓடிய டீ

என் மகன் இன்று திறந்த கடையில் பழைய சைக்கிள்களும் உண்டு, காபியும் உண்டு. உள்ளே நுழைந்ததும் சங்கிலி எண்ணெயும் டிகாக்‌ஷனும் சேர்ந்து மணத்தன.

எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனை மைதானத்தில், ஒருவர் தரையில் கால் வைக்காமல் நாள்கணக்கில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார். குளியல், சாப்பாடு எல்லாம் அதன் மேலேயே. கடைசி நாள் அவருக்குக் கண் சொக்கியது, சைக்கிள் தள்ளாடியது. தறியிலிருந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்த அம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டீ டம்ளரோடு அவர் பக்கத்திலேயே ஓடினாள்.

"தூங்கிடாதபா! இத குடி!"

அவர் வாங்கிக் குடித்தார். கூட்டம் அவருக்குக் கைதட்டியது. நான் அம்மாவையே வாய் பிளந்து பார்த்தேன். அவளுக்கு ஓடத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆறிப்போவுதுமா, காபியக் குடி," என்றான் மகன்.

"நீ மொதல்ல அந்த சைக்கிள்ல ஏறுடா," என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகினேன்.